பழுப்பு பம்ப் பற்றி சாதிக்கிடம் நான் சொன்னது

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பத்தொன்பது வருடம் பெயிண்ட் அடித்தேன். போன ஐப்பசியில் மூச்சு முட்டி விழுந்து, சேலத்தில் ஒரு மருத்துவமனையில் பதினோரு நாள் கிடந்தேன். அதில் இரண்டு நாள் எனக்காக மெஷின்தான் மூச்சு விட்டது. இப்போது நன்றாக இருக்கிறேன். எழுதி வையுங்கள், உங்களைப் போல வேலை பார்க்கிறவர்களுக்குப் பயன்படும் என்று சொன்னது என்னைப் பார்த்த டாக்டரம்மா. நோயைப் பற்றி மட்டும் எழுதினால் போதும் என்றுதான் அவர் நினைத்திருப்பார். எனக்குப் போதாது. சாதிக்கைப் பற்றியும் எழுத வேண்டும்.

எனக்கு இழுப்பு வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் இருக்காது. தீபாவளிக்கு நாலு நாள் பட்டறை லீவு விட்டால் சுத்தமாக இருக்காது. திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல் கேட்கும். இதை வைத்தே காரணத்தைக் கண்டுபிடித்திருக்கலாம். நான் தூசி என்று நினைத்தேன், பனி என்று நினைத்தேன், வயசு என்றும் நினைத்தேன்.

நாமக்கல்லில் ஒரு டாக்டர், வாயில் வைத்து அடித்து உறிஞ்சும் பம்ப் இரண்டு எழுதிக் கொடுத்தார். நீலம் ஒன்று, பழுப்பு ஒன்று. நீலத்தை இழுப்பு வந்தால் மட்டும் அடிக்க வேண்டும், பழுப்பைத் தினமும் காலையும் மாலையும் அடிக்க வேண்டும் என்றார். நீலம் அருமையான பொருள். இரண்டு அடி அடித்தால் ஐந்து நிமிடத்தில் நெஞ்சு திறந்துகொள்ளும். பழுப்பை அடித்தால் ஒன்றுமே தெரியாது. ஒன்பது நாள் அடித்துப் பார்த்தேன். மருந்துக் கடையில் அது ஸ்டீராய்டு என்று வேறு சொன்னார்கள். அன்றைக்கே நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு நீலத்தை மட்டும் சீட்டு இல்லாமலே வாங்கிக்கொண்டிருந்தேன். தொடக்கத்தில் இரண்டு மாதத்துக்கு ஒன்று வாங்கினேன். கடைசியில் மாதம் இரண்டு ஆகிவிட்டது.

சாதிக் எங்கள் பட்டறையில் என்னோடு வேலை பார்த்தவன், ராசிபுரத்துக்காரன். தினமும் காலையில் சேலம் பஸ்ஸில் வந்து இறங்குவான். என்னைவிட எட்டு வயது சின்னவன். ஸ்ப்ரே கன்னைப் பிடிக்க அவனுக்குக் கற்றுக் கொடுத்தது நான். ஆனால் என்னைவிட அவன் கை சுத்தம். அவன் அடித்த கதவில் ஒரு சொட்டு வழிந்து நான் பார்த்ததில்லை. இரண்டு வருடம் முன்பு அவனுக்கும் இழுப்பு வந்தது. ஒரு நாள் டீக்கடையில் டீ குடிக்கும்போது இரண்டு பம்ப்பையும் பையிலிருந்து எடுத்துக் காட்டினான்.

"மணியண்ணே, டாக்டரு ரெண்டு குடுத்திருக்காரு. ரெண்டையும் அடிக்கோணுமாண்ணே?"

"பழுப்பு சும்மா. வெறும் காத்துதான் வரும். ஸ்டீராய்டு வேற. நீலத்த மட்டும் பையில போட்டுக்க, போதும்" என்றேன்.

"அப்ப இதெ என்ன பண்ண?"

"தூக்கிப் போடு."

இவ்வளவுதான் பேச்சு. டீ குடித்து முடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. மூன்று வண்டிகளைத் தீபாவளிக்கு முன்னால் டெலிவரி கொடுக்க வேண்டும். ஈரக் காற்று பட்டால் பெயிண்ட் வெளுத்துவிடும் என்று பெயிண்ட் அடிக்கும் செட்டின் நாலு பக்கமும் தார்ப்பாயை இறக்கிக் கட்டினோம். உள்ளே நானும் சாதிக்கும் மட்டும். நாங்கள் அடிப்பது ஹார்ட்னர் கலந்த பெயிண்ட். அது சீக்கிரம் காயும், கண்ணாடி மாதிரி பளபளக்கும். அடிக்கும்போது புகை மாதிரி நிற்கும். காற்று போக வழியில்லை. மூக்கில் கைக்குட்டையைக் கட்டியிருந்தோம். அதுதான் எங்கள் வழக்கம்.

மூன்றாம் நாள் மதியம் நீல பம்ப்பை அடித்தேன். கேட்கவில்லை. மறுபடி அடித்தேன். எத்தனை அடித்தேன் என்று நினைவில்லை. மூச்சை உள்ளே இழுக்க முடிந்தது, வெளியே விட முடியவில்லை. வெளியே போகாத காற்று உள்ளேயே நிறைந்து, அதற்கு மேல் இழுக்கவும் இடமில்லை. பேச வாய் திறந்தேன், ஒரு வார்த்தைக்கு மேல் வரவில்லை. சாதிக் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தான். ஓனர் காரில் ஏற்றி நாமக்கல்லிலேயே ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தாங்காது என்று சேலத்துக்கு அனுப்பினார்கள்.

என் மனைவி கோமதி ஆம்புலன்சில் ஏறினாள். சாதிக்கும் ஏற வந்தான். ஓனர் அவனைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவன் கதவைப் பிடித்துக்கொண்டு, "நீங்க போங்கண்ணே. மிச்ச வண்டிய நான் பாத்துக்கறேன்" என்றான்.

சேலத்தில் அவசர சிகிச்சைப் பிரிவு டாக்டர் என் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, சத்தமே இல்லை என்றார். கோமதிக்குக் கொஞ்சம் நிம்மதி.

"வரும்போது விசில் மாதிரி கேட்டுச்சுங்க. இப்ப நின்னுருச்சுன்னா நல்லதுதானுங்க?"

"இல்லம்மா. காத்து போனாத்தான் சத்தம் வரும். உள்ள காத்தே போகல" என்றார் அவர்.

அதுதான் நான் கேட்ட கடைசிப் பேச்சு. அதன் பிறகு தூங்க வைத்துத் தொண்டைக்குள் குழாய் விட்டிருக்கிறார்கள். அந்த இரண்டு நாளும் எனக்குள் இல்லை. கனவும் இல்லை.

கண் விழித்தபோது எதிரே சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. நான்கு மணி காட்டியது. காலையா மாலையா என்று கேட்கத் தோன்றவில்லை. குழாயை எடுத்த பிறகும் தொண்டை புண்ணாக இருந்தது. கை கால்கள் என்னுடையவை மாதிரி இல்லை. பயம் இருந்திருக்க வேண்டும். எல்லோரும் கேட்கிறார்கள், பயந்தீர்களா என்று. இல்லை. பயப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

கோமதி வெளியே காத்திருக்கும் ஹாலில் இருந்தாள். உள்ளே ஒரு நாளைக்கு இரண்டு தடவை, பத்துப் பத்து நிமிடம் விடுவார்கள். மீதி நேரமெல்லாம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பக்கத்து நாற்காலியில் மேட்டூரிலிருந்து வந்த ஓர் அம்மா. அவருடைய கணவர் என் பக்கத்துப் படுக்கை. அந்த அம்மா தனக்கு வரும் சாப்பாட்டில் பாதியைக் கோமதிக்குக் கொடுத்திருக்கிறார். குளிக்கப் போகும்போது செல்போனை இவளிடம் கொடுத்துவிட்டுப் போவாராம், இவள் போகும்போது அவரிடம் கொடுப்பாளாம். நாலாம் நாள் அந்தப் படுக்கை காலியாகிவிட்டது. போவதற்கு முன்னால் அந்த அம்மா கோமதியைத் தேடி வந்து, மீதமிருந்த பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் வைத்து, "உங்கூட்டுக்காரரு எந்திரிச்சுருவாரு சாமி" என்று சொல்லிவிட்டுப் போனாராம். கோமதி அதைப் பிரிக்கவே இல்லை.

ஐந்தாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு பரிசோதனைகள். மணிக்கட்டில் துடிக்கும் இடத்திலேயே ஊசி போட்டு ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவாம். அது மற்ற ஊசி மாதிரி இல்லை, வலி முழங்கை வரை போகும். ஒரு குழாயை வாயில் வைத்து ஊதச் சொன்னார்கள். எவ்வளவு வேகமாக ஊத முடிகிறதோ அவ்வளவு வழி திறந்திருக்கிறது என்று கணக்கு. முதல் நாள் நான் ஊதியதைப் பார்த்து நர்ஸ், "இன்னும் நல்லா ஊதுங்கண்ணா" என்றாள். அதுதான் என் நல்ல ஊதல்.

நுரையீரல் டாக்டரம்மா மத்தியானம் வந்தார். ஐம்பது வயது இருக்கும். நான் சாப்பிட்ட மாத்திரை, மருந்தெல்லாம் கேட்டார். பழுப்பு பம்ப்பை நிறுத்தியதைச் சொன்னேன். ஏன் என்றார்.

"அடிச்சா ஒண்ணும் தெரியலீங்க."

அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, என் ரிப்போர்ட் ஒன்றின் பின்பக்கத்தில் ஒரு குழாயை வரைந்தார்.

"இது உங்க மூச்சுக் குழாய். இதைச் சுத்தி சதை இருக்கு. அந்தச் சதை இறுக்கிப் பிடிச்சா வழி சுருங்கும். நீல மருந்து அந்தச் சதையைத் தளர்த்தும். உடனே திறக்கும். அது உங்களுக்குத் தெரியும். சரியா?"

"சரிங்க."

குழாயின் உட்புறத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாக வரிசையாகப் போட்டார். "இது உள்பக்கத் தோல். ஒவ்வொரு கட்டமும் ஒரு செல். உங்க பெயிண்ட்ல இருக்கற ஹார்ட்னர் இந்தச் செல்லுக்கு ஆகாது. பட்டவுடனே இது ஆபத்து ஆபத்துன்னு சுத்தியும் தகவல் அனுப்பும். அதைக் கேட்டு ரத்தத்துல இருந்து வெள்ளணுக்கள் கூட்டமா வரும். வந்தவங்க இங்கயே சண்டை போடுவாங்க. தோல் செவந்து வீங்கும். சளி கொட்டும். இதுக்குப் பேரு அழற்சி. சதையைத் தளர்த்தினா இந்த வீக்கம் போகுமா?"

"போகாதுங்க."

"ஆறு வருஷமா வீங்கி வீங்கி, வழியே அடைஞ்சு போச்சு. அன்னிக்கு நீங்க அடிச்ச நீல மருந்து உள்ள போக இடமே இல்ல."

பிறகு ஒரு கட்டத்தைப் பெரிதாக வரைந்து நடுவில் ஒரு வட்டம் போட்டார். செல்லுக்கு உத்தரவு எல்லாம் அந்த வட்டத்துக்குள்ளிருந்துதான் வருமாம். பழுப்பு பம்ப்பில் இருக்கும் மருந்து செல்லின் சுவரைத் தாண்டி உள்ளே போகும். உள்ளே அதற்கென்றே ஒரு புரதம் காத்திருக்கும். மருந்து அதைப் பிடித்துக்கொள்ள, இரண்டும் சேர்ந்து அந்த நடு வட்டத்துக்குள் போகும். அங்கே போய், ஆபத்து என்று தகவல் அனுப்பும் உத்தரவை அமுக்கும். தகவல் போகாவிட்டால் வெள்ளணுக்கள் வராது. ஏற்கெனவே வந்தவையும் மெல்ல மெல்லச் சாகும். வீக்கம் வடியும்.

"இது உத்தரவை மாத்தற வேலை. உடனே நடக்காது. நாலஞ்சு நாள் ஆகும், முழுசா வடிய வாரக்கணக்குல ஆகும். அதனாலதான் அடிச்சவுடனே உங்களுக்கு ஒண்ணும் தெரியல. தெரியாம வேலை செய்யற மருந்து இது."

"ஸ்டீராய்டுங்கறாங்களே" என்றாள் கோமதி.

"ஸ்டீராய்டுதாம்மா. ஆனா மாத்திரையா சாப்பிட்டா உடம்பு முழுக்கப் போகும். இது ரொம்பக் கொஞ்சம், நேரா நுரையீரலுக்கு. இவரு இதை ஒழுங்கா அடிச்சிருந்தா, இப்ப நாங்க நரம்புல ஏத்தின இவ்வளவு ஸ்டீராய்டு தேவைப்பட்டிருக்காது." கடைசியில் இன்னொன்றும் சொன்னார். மருந்து மட்டும் போதாது. அந்தப் பெயிண்ட் பக்கமே இனி நான் போகக் கூடாது. ஒரு தடவை உடம்பு அதை எதிரியாக எடுத்துக்கொண்டுவிட்டால், பிறகு துளி பட்டாலும் போதுமாம்.

அவர் போன பிறகு அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முதலில் நினைவு வந்தது என் வேலை இல்லை. அந்த டீக்கடைப் பேச்சுதான்.

"சாதிக்குக்கு ஒரு போன் போடு" என்றேன்.

கோமதி துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். "சார்ஜ் இல்லீங்க."

மறுநாள் காலையில் கேட்டேன். எடுக்கவில்லை என்றாள். சாயங்காலம் கேட்டேன். அந்தத் துண்டையே மறுபடி பிரித்து மடித்தாள்.

"கோமதி. போனக் குடு."

அவள் போனைக் கொடுக்கவில்லை. படுக்கையில் என் கால்மாட்டில் உட்கார்ந்தாள். "நீங்க மெஷின்ல இருந்தீங்க. அடுத்த நாளு. உங்க வண்டியையும் அவருதான் அடிச்சாராம். தார்ப்பாய்க்குள்ள தனியா. மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்புடப் போனா உழுந்து கெடந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே... ராசிபுரத்துல அன்னிக்கே அடக்கம் பண்ணிட்டாங்க. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு டாக்டருதான் சொன்னாங்க."

"சரி" என்றேன்.

தண்ணீர் கேட்டேன். கொடுத்தாள். குடித்தேன். ஏழு மணிக்குக் கஞ்சி வந்தது. அதையும் குடித்தேன். கோமதி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதாவது வரும் என்று. வரவில்லை. மறுநாள் குழாயில் ஊதினேன், முந்தைய நாளைவிட எண் ஏறியிருந்தது. நர்ஸ் கை தட்டினாள். பழுப்பு பம்ப்பை ஒரு பிளாஸ்டிக் குடுவையில் மாட்டி அடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அடித்தேன். வீக்கம் வடிந்துகொண்டிருந்தது. எனக்குள் நல்லது நடந்துகொண்டிருந்தது. அதை யாரோ ஒருவருடைய ரிப்போர்ட்டைப் படிக்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போகச் சொல்வதற்கு முந்தைய நாள் டாக்டரம்மாவிடம் சொன்னேன். சாதிக் என்ன கேட்டான், நான் என்ன சொன்னேன், எல்லாவற்றையும். அவர் பேனாவை மூடினார்.

"அந்த மருந்து அடிச்சிருந்தா பிழைச்சிருப்பாருங்களா?"

"உறுதியா சொல்ல முடியாது. அடைச்ச செட்டுக்குள்ள அந்தப் பெயிண்டை அடிச்சா, மருந்து இருந்தும் ஆபத்துதான். ஆனா வாய்ப்பு அதிகமா இருந்திருக்கும். உங்களைச் சமாதானப்படுத்த முடியும். ஆனா நீங்க சொன்னது தப்புதான். தெரியாம சொன்னீங்க. ரெண்டும் உண்மை."

அவர் மீது எனக்கு அப்போதுதான் முழு நம்பிக்கை வந்தது.

ஓனர் இப்போது என்னைத் தன் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் உட்கார வைத்திருக்கிறார். பட்டறையில் இப்போது மோட்டாரில் வெளிக்காற்று வரும் முகமூடி வாங்கிப் போட்டிருக்கிறார்கள். தார்ப்பாய் கட்டுவதில்லை. சாதிக் இருந்தபோதே நானும் அவனும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஓனரும் நினைக்கவில்லை.

சாதிக்கின் மனைவி நூர்ஜஹானைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தினமும் நினைத்தேன். கணவர் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் முஸ்லிம் பெண்கள் இத்தா என்று வீட்டுக்குள்ளேயே இருப்பார்கள், வெளி ஆண்களைப் பார்க்க மாட்டார்கள் என்று தெரியும். அது முடியட்டும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். கோமதிதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "பாக்க வேண்டாமுங்க. சொன்னாப் போதும். கெளம்புங்க."

ராசிபுரத்தில் சாதிக்கின் வீடு இரண்டு அறை. நூர்ஜஹானின் தம்பி என்னை முன்னறையில் உட்கார வைத்தார். உள்ளறை வாசலில் ஒரு பச்சைத் திரை. கோமதி அதைத் தாண்டி உள்ளே போனாள். திரைக்குப் பின்னாலிருந்து, "ஒடம்பு எப்படிங்கண்ணே இருக்கு?" என்று குரல் வந்தது.

நான் நலம் விசாரிக்கவில்லை. நேராகச் சொன்னேன். டீக்கடையில் அவன் கேட்டது, நான் தூக்கிப் போடச் சொன்னது, அது எவ்வளவு தப்பு என்று ஆஸ்பத்திரியில் தெரிந்துகொண்டது. டாக்டரம்மா சொன்ன பதிலையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.



"எனக்குத் தெரியுங்கண்ணே" என்றார் நூர்ஜஹான். "அவங்க அன்னைக்கே வந்து சொன்னாங்க, மணியண்ணன் வேணாங்கறாருன்னு. எனக்கும் நிம்மதியா இருந்துச்சு. பக்கத்து ஊட்டு அக்கா ஸ்டீராய்டு அடிச்சா ஒடம்பு ஊதிப் போயிரும்னு சொல்லியிருந்துச்சு. நானேதான் அதெ எடுத்துக் குப்பையில போட்டேன். எங்கையால."

"நீங்க டாக்டரு சொன்னத முழுசாச் சொல்லிட்டீங்க. நான் குப்பையில போட்டத இத்தன நாளா யாருகிட்டயும் சொல்லல" என்றார் அவரே. அழுகிறார் என்று நினைத்தேன். குரல் அப்படி இல்லை. என் குரல் மாதிரியேதான் இருந்தது, ஏற்ற இறக்கம் இல்லாமல்.

கோமதி உள்ளே ஏதோ மெதுவாகச் சொன்னாள். பிறகு ஒரு குழந்தை இருமும் சத்தம். அடுத்தடுத்து நாலைந்து தடவை, வறட்டு இருமல். எனக்கு அந்த இருமல் தெரியும்.

"ஆயிஷாவுக்கு" என்றார் நூர்ஜஹான். அவர்களுடைய மகள், ஒன்பது வயது. "போன மாசத்துல இருந்து விடியக்காலம் ஆனா இருமறா. இங்க டாக்டருகிட்டக் காட்டினோம். அதே மாதிரி ரெண்டு எழுதிக் குடுத்தாரு. வாங்கி பீரோவுல வெச்சிருக்கேன். தெறக்கவே கை வரல. அடிக்கட்டுங்களாண்ணே?"

இரண்டாவது முறையாக அந்த வீட்டிலிருந்து என்னிடம் யோசனை கேட்டார்கள். என் பேச்சை யாரும் கேட்க வேண்டாம் என்று எழுந்து ஓடிவிடலாம் என்று இருந்தது.

"என்னையக் கேக்காதீங்கம்மா. டாக்டரு எழுதினது. எழுதினபடி அடிங்க" என்றேன். குரல் நடுங்கியது. ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகு என்னிடமிருந்து ஏதோ ஒன்று வெளியே வந்தது அப்போதுதான். "நாளைக்கு இல்லீங்க. இன்னைக்கே ஆரம்பிங்க. மறுபடி ஒருக்கா டாக்டருகிட்டக் கூட்டிப் போயி, எப்படி அடிக்கறதுன்னு கேட்டுக்கோங்க. தம்பி வரட்டும், நாங்களும் வாரோம்."

"எப்படி அடிக்கறதுன்னு நீங்களே சொல்லுங்கண்ணே. இவன் மறந்துருவான்."

சொன்னேன். பழுப்பைக் காலையில், ராத்திரியில். அடித்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லையென்றால் நாக்கில் புண் வரும். இருமல் நின்றுபோனாலும் டாக்டர் சொல்லும் வரை நிறுத்தக் கூடாது.

திரைக்குப் பின்னால் அவர் அதை மகளுக்குத் திருப்பிச் சொன்னார். குழந்தை ஒரு தடவை சொன்னாள். வாயைக் கொப்பளிப்பதை விட்டுவிட்டாள். "மறுக்கா சொல்லு" என்றார். நாங்கள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கும்போதும் உள்ளே சொல்லிக்கொண்டிருந்தார்கள், அம்மா ஒரு வரி, மகள் ஒரு வரி.